அம்மாவைப் பற்றி உனக்கு

புதுச்சேரி

அன்புள்ள நண்பா,

நீ போன் பண்ணினபோது வீடு நிறைய ஆள். சரியாகவே பேச முடியவில்லை. அம்மாவைப் பற்றி உனக்கு நிதானமாக எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

கஷ்டப்படாமல்தான் போனார்கள். காலையில் பங்குச் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். சாயங்காலம் நாங்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூச்சு அடங்கிவிட்டது. சம்பா கோவிலில் அடக்கப் பூசை; உப்பளம் கல்லறையில் அப்பாவோடேயே வைத்தோம்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வாசகம் கேட்டபோது, "அம்மா வீட்டில்தானே இருந்தாங்க, என்னத்த போடறது?" என்றான் தம்பி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. விடியற்காலைப் பூசை, தவக்கால வெள்ளியில் கஞ்சியும் துவையலும், சனிக்கிழமையானால் வில்லியனூர் மாதா கோவில், இதெல்லாம் ஊருக்கே தெரியும். ஆனால் அதோடு நிறுத்தினால் அம்மாவைச் சொன்னதாகாது. கேட்பாரில்லாதவர்கள் மேல் அவர்களுக்கு அப்படி ஒரு கரிசனம். செத்தவர்களானாலும் சரி.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று உப்பளத்தில் எப்படிக் கூட்டம் இருக்கும் என்று உனக்குத் தெரியும். எங்கள் கல்லறைக்குப் பூப் போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, சாமியார் மந்திரித்துப் போனதும் நாங்கள் கிளம்பப் பார்ப்போம். அம்மா கிளம்ப மாட்டார்கள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மீதி மெழுகுவத்திகளோடு பின்பக்கம் நடப்பார்கள். அங்கே காரை பெயர்ந்து, சிலுவை சாய்ந்து, யாருமே வராத கல்லறைகள். தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் பாசியைத் தேய்ப்பார்கள். எழுத்து தெரிய ஆரம்பித்ததும் விரலை வைத்துத் தடவிப் பார்ப்பார்கள். பிரெஞ்சுப் பெயராக இருந்தால் என் மகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லி, அந்தப் பெயரைத் தாங்களும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வத்தி ஏற்றுவார்கள். "இவங்களுக்கு வேண்டிக்க யாரு இருக்கா?" அவ்வளவுதான் பேச்சு.

உயிரோடு இருப்பவர்களை மட்டும் விட்டுவிடுவார்களா? 2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்த அன்று தெருவெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. பால் இல்லை, கரண்டும் இல்லை. கிறிஸ்துமஸுக்குச் செய்த விவிகம் மீதி இருந்தது. ரவையும் நெய்யும் முந்திரியும், ரம்மில் ஊறிய திராட்சையும் போட்ட கேக், சீக்கிரம் கெடாது. அதைத் துண்டு போட்டுத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் எங்களுக்குக் கஞ்சி வைத்தார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். பீரோவில் புடவைக்கு அடியில் ஒரு பிஸ்கெட் டப்பா இருந்தது. என் மகள்தான் எடுத்தாள். உள்ளே கோவிலில் பூசைக்குப் பணம் கட்டிய சீட்டுகள். காய்கறிக் காசில் மிச்சம் பிடித்துக் கட்டியிருக்கிறார்கள். பாதிச் சீட்டு 'உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காக', அதாவது மோட்சம் சேருமுன் பாவம் கழியக் காத்திருக்கிறவர்களுக்காக என்று பொதுவாக இருக்கிறது. மற்றதில் பெயர்கள்: எங்களுக்கு வேலை செய்த ஆயா, மூலைக் கடைக்காரர், வாடகைக்கு இருந்து தனியாகச் செத்துப்போன வாத்தியார். ஒரு சீட்டில் உங்கப்பா பெயர். அவர் தவறின மாதமே கட்டியிருக்கிறார்கள்.

திருநீறு பூசாமல் வாசல் தாண்டாத மனுஷன் அவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா கையால் காப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். அவருக்கும் நித்திய இளைப்பாற்றி வேண்டும் என்று அம்மா நினைத்திருக்கிறார்கள். யாரிடமும் சொல்லவில்லை. நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். அந்தச் சீட்டை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

வருகிற நவம்பருக்குத் தண்ணீர்க் குடமும் தேங்காய் நாரும் தன் பொறுப்பு என்று மகள் சொல்லியிருக்கிறாள். பாட்டியிடம் கற்றவள், செய்வாள்.

முப்பதாம் நாள் பூசை அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, காலை ஆறு மணிக்கு. முந்தின நாளே வந்துவிடு, தங்கச்சியையும் கூட்டி வா. உன் பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டானா? எழுது.

அன்புடன்,
உன் நண்பன்