முகத்தில் அடிக்காதே

கொடைக்கானல்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் பழையபடியே இருக்கிறது. குதிரைக் குட்டி கடித்து உன் பெருவிரலில் நான்கு தையல் போட்டிருப்பதை மருமகள் சொல்லித்தான் அறிந்தேன். ஏன் நீ சொல்லவில்லை என்று கேட்கப்போவதில்லை. டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டாயா? லாயத்துச் சாணமும் மண்ணும் படும் கையில் காயத்தை அசட்டையாக விடக் கூடாது என்பது உனக்குத் தெரியாததல்ல.

ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் குட்டியைப் பிடிக்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் வாங்கு என்றுதான் சொல்லியிருப்பேன். படத்தில் பார்த்தேன், மார்வாடிக் குதிரை இனத்தின் கலப்பு என்பது காது நுனிகள் வளைந்து ஒன்றையொன்று தொடுவதிலேயே தெரிகிறது, கால்களும் பிசகில்லாமல் நேராக இருக்கின்றன. குதிரை பார்க்கும் கண் உனக்குச் சிறு வயதிலேயே உண்டு.

ஆனால் இரண்டரை வயதை நெருங்கும் ஆண் குட்டி கடிக்கிறது என்றவுடன் அதைத் திமிர் என்று முடிவு கட்டிவிடாதே. முன்வரிசையின் நடுவிலுள்ள பால் பற்கள் விழுந்து புதுப் பல் முளைக்கும் வயது அது. வாயில் அகப்பட்டதையெல்லாம் மென்று பார்க்கும். சேணத்தின் வாரை இறுக்கும்போது மட்டும் திரும்பிக் கடிக்க வருகிறதா என்றும் கவனி. அப்படியானால் சேணத்துக்கு அடியிலோ வயிற்றுக்குள்ளோ புண் இருக்கக்கூடும். கால்நடை மருத்துவரிடம் காட்டு. வலியால் கடிப்பதை அடித்து நிறுத்த முடியாது.

பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் நீ அழுத்தித் தேய்க்கும்போது அதன் மேலுதடு நீண்டு துடிப்பதைப் பார்த்திருப்பாய். குதிரைகள் இரண்டு எதிரெதிராக நின்று அந்த மேட்டைத்தான் பல்லால் சொறிந்துவிட்டுக்கொள்ளும். நீ சொறிந்துவிட்டதற்கு அது உனக்குப் பதில் மரியாதை செய்ய வருகிறது, உன் தோல் அதன் தோல் அல்ல என்று அதற்கு யார் சொல்வது? உதடு நீளும்போதே முகத்தை நேராகத் திருப்பிவிட்டு வேறிடத்தில் தேய்த்தால் போதும். காதைப் பின்னால் மடக்கி, மூக்கைச் சுருக்கிக்கொண்டு வருவது வேறு. அப்போது அதன் தோளருகே நின்றபடி, கண்டிப்பாக ஒரே ஒரு குரல் கொடுத்து, கயிற்றால் நாலடி பின்னால் நடக்க வை. பல் வந்த நொடியிலேயே இதைச் செய்ய வேண்டும். சாட்டையைத் தேடி எடுத்துவந்து அடித்தால், எதற்கு அடி வாங்கினோம் என்று அதற்குத் தெரியாது. நாலடி பின்னால் போனதும் உன் கோபமும் முடிந்துவிட வேண்டும். முகத்தில் அடிக்காதே.

கையிலேயே வெல்லமும் கேரட்டும் ஊட்டுகிறீர்களாம். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும் என்று தாத்தா சொல்வாரே, அந்த வாயைக் கைக்குப் பழக்கினால் வெறுங்கையையும் அது விடாது. எதைக் கொடுத்தாலும் வாளியில் போடு. பேரன் லாயத்துக்குள் போகிறானா? நீ இல்லாதபோது போக வேண்டாம். காயடிப்பதைப் பற்றியும் மருத்துவரைக் கேள். வயதான பெட்டைக் குதிரை ஒன்றோடு மேயவிட்டால் பாதிப் பாடத்தை அதுவே நடத்திவிடும்.

முகத்தில் அடிக்காதே என்று மறுபடியும் எழுதுகிறேன். நம் பழைய குதிரை வெள்ளச்சி உன்னைத் தள்ளியதற்கு அதன் பிறவிக் குணமே காரணம் என்று இத்தனை வருடங்களாக எல்லாரிடமும் சொல்லி வந்தேன். அது பொய். அதற்கு முதல் நாள் மாலை ஒரு சவாரிகூட அமையாமல் ஏரிக்கரையில் மழையில் நின்றுவிட்டுத் திரும்பிய எரிச்சலில், என் சட்டையைக் கவ்வியது என்பதற்காக அதன் மூக்கின் மேல் கடிவாள வாரால் அடித்தேன். எத்தனை அடி என்று எண்ணவில்லை. மறுநாள் காலையில் கடிவாளம் போட நீ கையை உயர்த்தினாய். அதை என் கை என்று நினைத்துத்தான் அது முன்னங்கால்களைத் தூக்கியது. உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அடித்ததால் அது கடிப்பதை நிறுத்தவும் இல்லை. காதை மடக்காமல், எந்த அறிகுறியும் காட்டாமல் கடிக்கக் கற்றுக்கொண்டது. கெட்ட குதிரை என்று பெயர் கட்டி அதை விற்றேன். உன் தோள்பட்டைத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் இது வாய்வரை வரும்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது பரணிலிருந்து பெட்டியை எடுக்க நீ கையை உயர்த்தினாய். கீழே நின்ற பேரன் கண்களை இறுக மூடிக்கொண்டு தோளைக் குறுக்கினான். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. குட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நீ கையை உயர்த்தினால் அது தலையைப் பின்னுக்கு இழுக்கிறதா என்று பார்த்து எழுது. இழுத்தால் ஒரு வாரத்துக்குக் கடிவாளத்தைத் தொடாதே. தினமும் பத்து நிமிடம் கழுத்திலிருந்து தொடங்கிப் புறங்கையால் கன்னத்தை நோக்கித் தடவு. அது இறுகினால் கையை அங்கேயே நிறுத்திக் காத்திரு, தானாகத் தலையைத் தாழ்த்தியதும் கையை எடுத்துவிடு. ஒரு வாரம் போதாமலும் போகலாம். வேண்டுமானால் நான் வந்து ஒரு மாதம் உங்களோடு இருக்கிறேன். பழநி வரை பஸ்ஸில் வந்துவிடுவேன், அங்கிருந்து நீ வண்டியில் அழைத்துப் போனால் போதும்.

தையல் பிரித்ததும் விரலைப் படம் எடுத்து அனுப்பு.

அப்பா