வானியல் பாடநூல் ஒன்றைத் தமிழாக்குங்கள்: தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் இணையக் கல்விக்கழக இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். வியாசர்பாடியில் மாலை வேளைகளில் பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கேட்க வந்தது ஒன்றுதான். இலவசப் பாடநூல்களை வெளியிடும் அமெரிக்க அமைப்பான ஓபன்ஸ்டாக்ஸ் 2016-இல் வெளியிட்ட வானியல் பாடநூலைத் தமிழில் கொண்டுவாருங்கள்.

அந்த நூல் இலவசம் மட்டுமல்ல, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தது. மூல ஆசிரியர்களைக் குறிப்பிட்டுவிட்டால் மொழிபெயர்க்கலாம், நம் ஊருக்கு ஏற்ப மாற்றலாம். படங்களின் உரிமத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செல்போன் இருந்தால் வானியலைக் காசில்லாமல் கற்கலாம் என்கிறார்கள். இருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. ஸ்டெல்லேரியம் என்ற வானம் காட்டும் செயலியில் சென்னை என்று கொடுத்தால் இன்றிரவு வானம் திரையில் வந்துவிடும். யேல் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் பெய்லின் எடுத்த வகுப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. கையா விண்கலம் பதிவுசெய்த சுமார் 180 கோடி விண்மீன்களின் அட்டவணையை யாரும் எடுத்துக்கொள்ளலாம். விண்மீன் மண்டலப் படங்களைப் பொதுமக்களே வகைப்படுத்தும் கேலக்ஸி ஸூ திட்டத்தில் 2007-இல் நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஒருவர், விஞ்ஞானிகள் கவனிக்காமல் விட்ட வாயு மேகம் ஒன்றைக் கண்டுபிடித்தார்.

என் மாணவர்கள் தமிழ்வழியில் படிப்பவர்கள். மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி அவர்களுக்கு ஆங்கிலச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வீடியோவுக்கு அடியில் தானாக ஓடும் தமிழ் வரிகளை வைத்துச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். கருந்துளை எவ்வளவு பெரியது என்பது வரை புரிகிறது. நிறமாலைக் கோட்டிலிருந்து விண்மீனின் வேகத்தை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று வரும்போது குழப்பம்தான் மிஞ்சுகிறது. அதற்கு நிதானமாக, திரும்பத் திரும்பப் படிக்க ஒரு புத்தகம் வேண்டும்.

மொழியோடு முடியவில்லை, வானமும் வேறு. அந்த நூல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்காக எழுதப்பட்டது. நாம் இருப்பது 13 டிகிரி வடக்கில். துருவ விண்மீன் இங்கே அடிவானத்துக்கு மேல் 13 டிகிரியில்தான் நிற்கும், அதுவும் எங்கள் பக்கத்துப் புகைமூட்டத்தில் தேடினாலும் அகப்படாது. ஆனால் தெற்கே திரும்பினால் நமக்குக் கிடைப்பது அதிகம். அகத்திய விண்மீனும் ஆல்ஃபா சென்டாரியும் லண்டன்காரர்களுக்கு உதிப்பதே இல்லை. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் வேலைபார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறுவிண்மீனை (ஒளி கூடிக் குறையும் விண்மீன்) கண்டுபிடித்தார். தெற்கே அவ்வளவு தள்ளி இருப்பதை நம்மூரிலிருந்துதான் பார்க்க முடியும், பாரிஸிலிருந்து முடியாது. அதே மனிதர் 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, பாமரருக்கும் விளங்கும்படி இந்திய மொழிகளில் விளக்க நூல் வெளியிட்டார். (அந்த வானாய்வகத்தின் 1792-ஆம் ஆண்டுக் கருங்கல் தூணில் கிழக்கிந்தியக் கம்பெனி தமிழிலும் பொறித்து வைத்தது. கம்பெனிக்காரர்களுக்கே தோன்றியிருக்கிறது.)

ஆகவே வெறும் மொழிபெயர்ப்பு போதாது. அத்தியாயத்துக்கு ஒரு பக்கமாவது 'சென்னையிலிருந்து பார்த்தால்' என்று சேருங்கள். சரிபார்க்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. பிர்லா கோளரங்கம் உங்கள் காந்தி மண்டபம் சாலையிலேயே இருக்கிறது. அண்ணா நூற்றாண்டு நூலகமும் அங்கேதான். சனிக்கிழமை மாலையில் அங்கே ஓர் அறையும் சந்தேகம் தீர்க்க ஒருவரும் கிடைத்தால், வடசென்னையிலிருந்து பஸ் ஏறி வரப் பிள்ளைகள் தயார். புதுக் கட்டடம், அடிக்கல், திறப்பு விழா எதுவும் தேவையில்லை. அதனாலேயே இது நடக்காமல் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

இன்னொன்று. ஸ்கேன் செய்த பெரிய பிடிஎஃப் கோப்பாகப் போட்டுவிடாதீர்கள். சின்ன செல்போனில் திறக்கும், தேடினால் சொல் அகப்படும் யூனிகோடு பக்கங்களாக வேண்டும்.

30 அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் கேட்கவில்லை. பூமி, நிலவு, பருவகாலங்கள் பற்றிய 4-ஆம் அத்தியாயத்தில் தொடங்கலாம். சூரியன் சென்னையில் நேர் உச்சிக்கு வருவது ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும். அதற்குமுன் வரைவு கையில் கிடைத்தால், மாணவர்கள் மொட்டைமாடியில் குச்சி நட்டு அதன் நிழலை அளந்து, எங்கே புரியவில்லை என்பதையும் குறித்து உங்களுக்கு அனுப்பிவைப்பார்கள். மெய்ப்புத் திருத்த நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
வியாசர்பாடி டியூஷன் ஆசிரியர் ஒருவர்