வீட்டுத் தீத்தடுப்புத் தன்னார்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உள்ளே நாற்காலி காலியாக இருக்க வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு செயற்குழு 11 முறை கூடியது. அதில் 4 முறை கோரம், அதாவது தீர்மானம் போடத் தேவையான குறைந்தபட்ச ஆள், சேரவில்லை. அந்த நாட்களில் பேசியதையும் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அவற்றைத் தீர்மானம் என்று சொல்ல முடியாது.

பிள்ளைகளுக்கான ஓவியப் போட்டி வழக்கம்போல் நடந்தது. தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒரு அலுவலர் வந்து பேசினார். தீயணைப்பான் செயல்விளக்கமும் நடந்தது. ஊசியை இழுத்து, குழாய் முனையைத் தீயின் அடியில் காட்டி, பிடியை அழுத்தி, இடவலமாக வீச வேண்டும் என்று எல்லாம் விளக்கிவிட்டு அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. அழுத்தம் காட்டும் முள் சிவப்பில் நின்றதை யாரும் பார்த்திருக்கவில்லை. உபகரணப் பொறுப்பு செயலாளருடையது அல்ல என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

இனி மறுபார்வைத் திட்டம். ‘செயலாளரின் பேரேடு’ என்று இதைச் சிலர் கேலி பேசுவது என் காதில் விழாமல் இல்லை. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீடு வீடாகப் போய்ப் புகை எச்சரிக்கைக் கருவி மாட்டுகிறோம். மாட்டுகிற அன்று ஆள் வருகிறது, சங்கச் சட்டை வருகிறது, படமும் எடுக்கிறோம். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பாருங்கள், கருவியின் ஆயுள் 10 ஆண்டுதான், பிறகு மாற்றிவிடுங்கள் என்று வீட்டாரிடம் சொல்கிறோம். சொன்னதோடு சரி. அதன்பின் அது உயிரோடு இருக்கிறதா என்று யார் பார்ப்பது? அதனால்தான் மாட்டிய நாள், இடம், கருவியின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதி எல்லாவற்றையும் ஒரு பேரேட்டில் ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழைய வீடுகளுக்கே திரும்பப் போக ஆரம்பித்தேன். இதுவரை 63 வீடு பார்த்திருக்கிறோம். ‘றோம்’ என்பது மரியாதைக்கு. சில நாள் துணைச் செயலாளர் வந்தார், பல நாள் நான் மட்டும்தான்.

19 வீட்டில் கருவி ஊமையாக இருந்தது. ஒரு வீட்டில் பேட்டரி சுவர்க் கடிகாரத்துக்குப் போயிருந்தது. நாம் வாங்கியது இரண்டு பென்சில் பேட்டரி போடும் வகை, கடிகாரத்துக்கும் அதே பேட்டரிதானே. கேட்டதற்கு அந்த அம்மா, “மணி தினமும் பாக்கணும் தம்பி. நெருப்பு தினமுமா வருது?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. கழற்ற முடியாதபடி 10 ஆண்டு பேட்டரியை உள்ளேயே வைத்த கருவியாக வாங்கலாம் என்று நான் எழுத்துமூலமே கேட்டிருந்தேன். விலை கூடுதல் என்று செயற்குழு தள்ளிவிட்டது. ஞாபகத்துக்காகச் சொல்கிறேன், வேறொன்றுமில்லை.

மற்ற வீடுகளில் பெரும்பாலும் ஒரே புகார்: தாளிக்கும்போதெல்லாம் கத்துகிறது, கழற்றி வைத்துவிட்டோம். இதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அடுப்பிலிருந்து 3 மீட்டராவது தள்ளி மாட்ட வேண்டியதை, கைக்கு எட்டுகிறது என்று சமையலறை நிலைக்கு மேலேயே மாட்டிவிட்டு வந்தது நாம்தான். அவற்றைக் கழற்றிப் படுக்கையறைக்கு வெளியே மாட்டினேன். சில இடங்களில், மின்னேற்றம் பெற்ற காற்றைக் கொண்டு புகையை உணரும் அயனி வகையை எடுத்துவிட்டு, ஒளியைக் கொண்டு உணரும் ஒளிமின் வகையைப் போட்டோம். அது சமையல் புகைக்கு வீணாகக் கத்துவது குறைவு, மெத்தைக்குள் புகைந்து கனலும் தீயையும் சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

இன்னொரு வீட்டில் கருவி பிரமாதமாக வேலை செய்தது. பொத்தானை அழுத்தி, “இப்போ நடுராத்திரி, எல்லாரும் வெளியே வாங்க” என்றேன். 2 நிமிடத்துக்குள் வெளியேறிவிட வேண்டும் என்பது நாம் சொல்லிக்கொடுக்கும் கணக்கு. பிள்ளைகள் புகைக்குக் கீழே தவழ்வதுபோல் தவழ்ந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். கதவு பூட்டியிருந்தது. சாவி அப்பாவின் சட்டைப்பையில், சட்டை துவைக்கப் போட்ட கூடையில். கதவு திறக்க 5 நிமிடம் ஆனது. அப்புறமும் பாட்டியைக் காணவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் நிம்மதியாகப் படுத்திருக்கிறார், “எனக்குத்தான் காது கேக்காதே” என்றார். படுக்கையை அதிரவைத்து எழுப்பும் கருவிகள் இருக்கின்றன, நம் பட்டியலில் இல்லை. பாட்டியை எழுப்புவது மூத்த பேத்தியின் வேலை, சாவி கதவோரத்து ஆணியில், எல்லோரும் கூடும் இடம் தெருவிளக்குக் கம்பம் என்று பேசி முடித்தோம். இரண்டாம் முறை 1 நிமிடம் 40 விநாடியில் பாட்டியோடு கம்பத்தடியில் நின்றார்கள். மாட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தால் இது தெரிந்திருக்குமா?

இப்போது மின் ஸ்கூட்டர் பேட்டரி வேறு சேர்ந்திருக்கிறது. பல வீடுகளில் வாசல் நடையிலேயே இரவெல்லாம் சார்ஜ் ஏறுகிறது. அது பற்றினால் தப்பிக்கும் வழியே அடைபட்டுவிடும்.

வருகையைப் பற்றிச் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஞாயிறு அழைப்புக்குக் கட்டைவிரல் தூக்கியவர்கள் 17 பேர். வந்தவர்கள் 2 பேர், அதில் ஒருவன் நான். சந்தாவிலும் இதே நிலைதான். 48 உறுப்பினர்களில் 21 பேர் கட்டியிருக்கிறார்கள். மற்றவர்கள் ‘அடுத்த வாரம்’ என்று சொன்னது போன ஆண்டறிக்கையிலும் இருக்கிறது.

ஏணி விஷயம் தனி. சங்கத்துக்கு இருப்பது ஒரே அலுமினிய ஏணி. வெள்ளையடிக்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் எடுத்துப் போய் நான்கு மாதமாகிறது. பெயர் சொல்லவில்லை. வெள்ளை இந்நேரம் காய்ந்திருக்கும். நான் வீட்டுக்காரர்களின் மேசைமேல் நாற்காலி போட்டு ஏறிக்கொண்டிருக்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக, செலவு வரவை எட்டிப் பிடித்துச் சற்றுத் தாண்டியும்விட்டது. கருவி வாங்கியதும் இதர இனங்களும் காரணம். இதர இனங்கள் எவை என்று கேட்பவர்கள் பொருளாளரையே கேட்கவும்.

கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், நன்கொடையாளர்களுக்கும், ஞாயிறு காலையில் கதவைத் திறந்த வீட்டார் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு செயலாளர் பதவிக்கு நிற்பதாக இல்லை என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். யார் முன்வந்தாலும் பேரேட்டை இன்றே ஒப்படைத்துவிடுவேன். பார்க்க வேண்டிய வீடுகள் இன்னும் 40 இருக்கின்றன, எல்லாம் தெருவாரியாக எழுதியிருக்கிறது, கையெழுத்தும் புரியும். யாரும் வராவிட்டால், வரும் ஞாயிறு காலை 8 மணிக்கு அந்தக் கடிகார வீட்டுக்குத்தான் போகிறேன். மூன்று பேட்டரி எடுத்துப் போவேன், கருவிக்கு இரண்டு, கடிகாரத்துக்கு ஒன்று. ஏணி பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ஏணியும் வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்