.22 ரைபிள்களை எப்போது சுத்தம் செய்வது: மாவட்ட ரைபிள் கிளப் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாவட்ட ரைபிள் கிளப்புகளை நடத்தும் மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கும், அங்கே துப்பாக்கிகளைப் பராமரித்துவரும் ஆர்மரர்களுக்கும் வணக்கம்.

கிளப்புக்குச் சொந்தமான .22 (0.22 அங்குல விட்டக் குண்டு சுடும்) ரைபிள்களை எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும் என்று கேட்டால், நம் ரேஞ்சுகளில் இரண்டு விதமான விடைகளே வருகின்றன. சுட்ட அன்றே பேரலுக்குள் (குண்டு பாயும் குழலுக்குள்) பிரஷ் விட்டுத் தேய்த்துவிட வேண்டும் என்பது ஒன்று; .22 பேரலுக்குள் கையே வைக்கக் கூடாது, குண்டுகளைச் சுட்டுக்கொண்டே வந்தால்தான் அது சீராகும் என்பது மற்றொன்று. காலையில் வரும் பயிற்சியாளர் முதலாவதையும் மாலையில் வருபவர் இரண்டாவதையும் பின்பற்ற, ஒரே ரைபிள் இரண்டு முறைகளுக்கும் இடையில் மாட்டிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். நான் கேட்டுக்கொள்வது இதுதான்: பேரலின் உட்புறத்தைச் சுத்தம் செய்வதை நாள் கணக்கில் வைக்காமல், அந்த ரைபிள் சுட்ட ரவுண்டுகளின் (தோட்டாக்களின்) எண்ணிக்கையையும் அதன் குரூப்பிங்கையும் (குண்டுகள் இலக்கில் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பதையும்) பார்த்து முடிவு செய்யுங்கள், வெளிப்புறத்தையும் போல்ட்டையும் (பேரலின் பின்பக்கத்தை மூடும் நகரும் பாகத்தையும்) மட்டும் சுட்ட நாள் ஒன்றுகூடத் தவறாமல் துடைக்கச் செய்யுங்கள்.

தினமும் தேய்க்கும் பழக்கம் காரணமில்லாமல் வந்ததன்று. அது ராணுவத்திலிருந்தும் என்.சி.சி. பயிற்சியிலிருந்தும் நமக்கு வந்தது. பழைய .303 ரைபிள்களின் காலத்தில் தோட்டாவின் பிரைமரில் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் பகுதியில்) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகப் பேரலுக்குள் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, ஓரிரு நாளிலேயே துருவைக் கொண்டுவந்துவிடும். அந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும் என்பதால், கொதிக்கும் நீரைப் பேரலுக்குள் ஊற்றி, புல்த்ரூ என்ற கயிற்றில் துணித்துண்டைக் கோத்து இழுத்து, உலர்ந்த பிறகு எண்ணெய் இட வேண்டும் என்பது சிப்பாய்க்குக் கண்டிப்பான விதியாக இருந்தது. துருப்பிடிக்கச் செய்யாத பிரைமர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும், 1920களில் அமெரிக்காவிலும் வரத் தொடங்கின. இன்று நாம் விளையாட்டுக்கு வாங்கும் .22 எல்.ஆர். (லாங் ரைபிள்) தோட்டாக்களில் அந்த உப்புக்கு இடமில்லை. ஆகவே அந்த விதியை அப்படியே தொடர்வதற்கான காரணமும் இன்று இல்லை.

இந்தத் தோட்டாவின் அமைப்பே வேறு. 1887-இல் அமெரிக்காவில் உருவான .22 லாங் ரைபிள் தோட்டாவின் குண்டு வெறும் ஈயம். போட்டிகளுக்கான வகைகளில் அதன்மேல் செம்பு உறை கிடையாது. குண்டின் வெளிப்புறத்தில் மெழுகு கலந்த மசகு பூசப்பட்டிருக்கும். ஒவ்வொரு குண்டும் அந்த மெழுகில் சிறிதளவைப் பேரலின் உட்சுவரில் விட்டுச் செல்ல, சில ரவுண்டுகளில் அது சீரான மென்படலமாகப் படிந்த பிறகுதான் குண்டுகள் ஒரே இடத்தில் விழத் தொடங்கும். நன்கு கழுவித் துடைத்த பேரலில் முதல் பத்து இருபது ரவுண்டுகள் அலைவதும், ஒரு நிறுவனத்தின் தோட்டாவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது அதேபோல் அலைவதும் இதனால்தான். 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. மட்டுமே, குண்டின் விட்டமே ஏறத்தாழ 5.6 மி.மீ. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் இந்திய வீரர் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் (மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடும்) போட்டியின் தகுதிச் சுற்றில் 600-க்கு 590 எடுத்து இறுதிக்குச் சென்று வெண்கலம் வென்றார். அறுபது ரவுண்டில் பத்துப் புள்ளிகளை மட்டுமே இழக்க முடிகிற விளையாட்டு இது. மாவட்டப் போட்டிக்கு முந்தைய மாலை ஒரு மாணவரின் ரைபிளை உள்ளே பளபளவென்று தேய்த்துக் கொடுப்பது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது. மறுநாள் காலை, இலக்கைச் சரிபார்க்கத் தரப்படும் நேரத்தையும் தோட்டாவையும் அவர் பேரலைப் படியவைக்கவே செலவழிக்க வேண்டியிருக்கும்.

அதற்காக உள்ளே தொடவே கூடாது என்பவர்கள் பக்கமும் நான் நிற்கவில்லை. .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாவில் பிரைமர் மருந்து அடிவிளிம்பைச் சுற்றி உள்ளே பூசப்பட்டிருக்கிறது. துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கும்போது உராய்வு உண்டாவதற்காக அந்த மருந்தில் பல தயாரிப்பாளர்கள் கண்ணாடித்தூள் சேர்க்கிறார்கள். எரிந்த கரியும் இந்தத் தூளும் ஈயமும் மெழுகும் சேர்ந்து, சேம்பர் (தோட்டா அமரும் அறை) முடிந்து வரிப்பள்ளங்கள் (குண்டைச் சுழலவைக்கும் பள்ளங்கள்) தொடங்கும் இடத்தில் ஒரு வளையமாக இறுகுகின்றன. இதைத்தான் கார்பன் ரிங் என்கிறோம். கைபேசியோடு இணைக்கும் சிறிய போர்ஸ்கோப் கேமராவை உள்ளே விட்டுப் பாருங்கள்: பேரலின் பெரும்பகுதி மங்கிய சாம்பல் நிறத்தில் சீராகத் தெரியும்; அந்த ஒரு விரற்கடை நீளத்தில் மட்டும், பழைய தோசைக்கல்லின் ஓரத்தில் ஏறிய கரியைப் போல, கறுத்து வெடிப்போடிய ஓர் ஓடு வரிப்பள்ளங்களின் விளிம்பை மூடி நிற்கும். வெறும் துணித்துண்டை எத்தனை முறை தள்ளினாலும் அது போகாது. துணி வெள்ளையாக வெளியே வருவதைப் பார்த்துவிட்டுப் பேரல் சுத்தமாகிவிட்டது என்று நாம் நம்பிவிடுகிறோம்.

இந்த வளையம் தடித்துவிட்ட ரைபிளில், ஒன்பது ரவுண்டுகள் ஒரே ஓட்டையாக விழ, பத்தாவது மட்டும் காரணமில்லாமல் எட்டில் போய் விழும். பயிற்சியாளர் ட்ரிகரைச் சுண்டிவிட்டாய் என்று மாணவியைக் கடிந்துகொள்வார்; அவளும் தன் விரலையும் மூச்சையும் சந்தேகித்து மாதக்கணக்கில் தவிப்பாள். அப்படிப்பட்ட ஒரு ரைபிளை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அதைச் சுட்ட பிள்ளையிடம் எந்தக் குறையும் இருக்கவில்லை. ஸ்டாக்கோடு (தோளில் வைக்கும் கட்டைப் பகுதியோடு) பேரலைப் பிடித்திருக்கும் திருகுகள் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறி தோன்றும் என்பதால், பிரஷ்ஷை எடுக்கும் முன் அவற்றைச் சரிபார்ப்பது நல்லது.

இனி இடைவெளி. இதில் பேரல் தயாரிப்பாளர்களிடையேகூட ஒருமித்த கருத்து இல்லை; ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் துடைப்பவர்களும் உண்டு, ஆயிரம் ரவுண்டு வரை தொடாதவர்களும் உண்டு. கிளப் ரைபிள்களோடு பழகிய அளவில் என் பரிந்துரையைச் சொல்கிறேன். போட்டிக்குப் பயன்படும் ரைபிளில் இருநூறு முந்நூறு ரவுண்டுக்கு ஒருமுறை சால்வென்ட் (அழுக்கைக் கரைக்கும் திரவம்) நனைத்த ஃபெல்ட் துண்டுகளையும் பிறகு உலர்ந்த துண்டுகளையும் தள்ளினால் போதும். ஏறத்தாழ ஆயிரம் ரவுண்டுக்கு ஒருமுறையோ, அதற்கு முன்பே குரூப்பிங் விரியத் தொடங்கினாலோ, அந்த வளையம் இருக்கும் இடத்தில் மட்டும் சால்வென்டைக் கால்மணி நேரம் ஊறவிட்டு, வெண்கல பிரஷ்ஷை அங்கேயே மெல்லச் சுழற்றி எடுக்க வேண்டும். புதிதாகச் சேர்பவர்கள் பழகும் ரைபிளுக்கு இவ்வளவும் தேவையில்லை. ஐந்நூறு ரவுண்டுக்கு ஒருமுறை துடைத்தாலே அது குறைவில்லாமல் சுடும். சும்மா இருக்கும் ரைபிளுக்கு மட்டும்தான் நாள் கணக்கு பொருந்தும்: ஒரு வாரத்துக்கு மேல் சுடப்போவதில்லை என்றால் உள்ளே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்க வேண்டும், மறுபடி சுடும் முன் அதை உலர்ந்த துணியால் முழுமையாக எடுத்துவிடவும் வேண்டும்.

எப்போது என்பதைவிட எப்படி என்பதில்தான் நம் ரைபிள்கள் அதிகம் கெடுகின்றன. ஈயக் குண்டு எஃகுப் பேரலை எளிதில் தேய்த்துவிடாது. ஒழுங்காகப் பராமரித்தால் ஒரு .22 பேரல் பல பத்தாயிரம் ரவுண்டுகள் தாங்கும். அதைக் கெடுப்பது மூன்று துண்டாகத் திருகிச் சேர்த்த, சுத்தம் செய்யும் இரும்பு ராடும், அதை வாய்ப்பக்கத்திலிருந்து நுழைக்கும் அவசரமும்தான். குண்டு பேரலை விட்டு வெளியேறும் கடைசி விளிம்பான கிரவுனில் ராடின் மூட்டு உரசி ஒரு பக்கம் தேய்ந்துவிட்டால், பின்னால் வரும் வாயு சமமின்றிப் பீறிட்டுக் குண்டைச் சாய்த்துவிடும். புல்த்ரூ கயிற்றைச் சாய்வாக இழுத்து இழுத்தே வாய் தேய்ந்துபோன ராணுவ ரைபிள்கள் ஏராளம். சேம்பர் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்து, போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தில் ராடை நேராகச் செலுத்த உதவும் ராட் கைடைப் பொருத்தி, உறை போட்ட ஒரே துண்டான ராடைப் பின்பக்கத்திலிருந்து செலுத்துங்கள். வாய்ப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தால் சால்வென்ட் ட்ரிகருக்குள் வழியாது. செம்பை அகற்றுவதற்கென விற்கும் அமோனியா கலந்த திரவம் ஈயக் குண்டு சுடும் பேரலுக்குத் தேவையே இல்லை.

வெளிப்புறத்தைப் பற்றி நான் கண்டிப்பாகப் பேசுவதற்குக் காரணம் நம் தட்பவெப்பம். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் காற்றிலேயே உப்பு இருக்கிறது; பயிற்சியை முடித்த கையின் வியர்வையும் உப்புதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில், துடைக்காமல் வைத்த போல்ட் கைப்பிடியில் மறுநாள் காலையிலேயே விரல்ரேகை வடிவில் செந்துருவைப் பார்க்கலாம். ரைபிளை ஸ்பாஞ்சு வைத்த பெட்டியிலேயே இரவு முழுவதும் வைப்பதை நிறுத்துங்கள். அந்த ஸ்பாஞ்சு ஈரத்தை உறிஞ்சி எஃகோடு ஒட்டவைத்திருக்கும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்த ரைபிள் வியர்த்திருந்தால், அது உலரும் வரை பெட்டியை மூடாதீர்கள். மண்ணெண்ணெய் அழுக்கை எடுத்துவிட்டு ஆவியாகிப்போவதால் எஃகு காப்பில்லாமல் நிற்கும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும். உதகையில் போட்டிக்குப் போன ரைபிளின் ஊசி மந்தமாவதற்கு அது ஒன்றே போதும். தையல் மெஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால்கூடப் போதுமானது. போல்ட்டின் முகப்பிலும் சுட்ட தோட்டாக் கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகங்களிலும் படியும் மெழுகையும் கரியையும் அன்றன்றே எடுத்துவிட்டால், கூடு சேம்பரில் சிக்கிக்கொள்ளாது. சிக்கிய கூட்டைத் திருப்புளியால் நெம்பிச் சேம்பர் விளிம்பைக் கீறிவிடும் கொடுமையும் நேராது.

ரவுண்டுகளை யார் எண்ணுவது என்று கேட்பீர்கள். சட்டப்படி நீங்கள் ஏற்கெனவே எண்ணிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். யாருக்கு எத்தனை தோட்டா கொடுத்தோம், எத்தனை திரும்பி வந்தது என்று எழுதும் பதிவேட்டில், ரைபிளின் எண்ணுக்கென ஒரு கட்டமும், தோட்டாவின் வகைக்கென ஒரு கட்டமும் கூடுதலாகக் கோடிட்டால் போதும். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் எந்த ரைபிள் எத்தனை ரவுண்டு சுட்டது என்பது தெரிந்துவிடும். கடைசியாக உட்புறம் எப்போது, யாரால் சுத்தம் செய்யப்பட்டது என்பதைச் சிவப்பு மையில் எழுதி வைத்தால், காலைப் பயிற்சியாளரும் மாலைப் பயிற்சியாளரும் ஒரே கணக்கைப் பார்த்து நடப்பார்கள்.

பிள்ளைகளின் உடல்நலம் குறித்தும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. குண்டு ஈயம், பெரும்பாலான பிரைமர்களிலும் ஈயச் சேர்மம் உண்டு, துடைத்த துணியில் அப்பியிருக்கும் கறுப்பில் இரண்டும் இருக்கின்றன. சுத்தம் செய்யும் மேசையில் டீயும் பிஸ்கட்டும் வைக்கும் வழக்கத்தை இன்றே தடை செய்யுங்கள். பயன்படுத்திய துணிகளை மூடியுள்ள தனி டப்பாவில் போடவும், சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே பிள்ளைகள் டிபன் பாக்ஸைத் திறக்கவும் வழிசெய்யுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைச் சால்வென்ட் வேலைக்கு உட்கார வைக்காதீர்கள்; வெளிப்புறத்தைத் துடைக்கக் கற்றுக்கொடுத்தாலே அந்த வயதுக்குப் போதுமானது.

வரும் பருவமழைக்கு முன்பாக, ஒவ்வொரு கிளப்பும் ஒரே துண்டு ராடு ஒன்றும், தன்னிடமுள்ள ரைபிள் வகைகளுக்கேற்ற ராட் கைடுகளும் வாங்க நிதி ஒதுக்க வேண்டும். போர்ஸ்கோப் வாங்க முடியாத சிறிய கிளப்புகளுக்குப் பக்கத்து மாவட்டத்துக் கிளப்புகள் தங்களுடையதை ஓரிரு நாள் கொடுத்து உதவ வேண்டும். வளையத்தை அகற்றும் முறையை அறிந்த ஓர் ஆர்மரர் மற்றவர்களுக்குச் செய்து காட்டுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கித் தாருங்கள். அந்த வேலையில் உடனிருந்து உதவ நானும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கிளப் ரைபிள்களின் பராமரிப்பில் ஈடுபட்டுவரும் ஓர் உறுப்பினர்