அந்த மூச்சு டெஸ்ட் விஷயமா

டேய் மாப்ள,

ரொம்ப நாளா எழுதல, திட்டணும்னா திட்டிக்கோ. இங்க எல்லாரும் சௌக்கியம், அம்மா உன்னைக் கேட்டாங்க, தவளை சார் ரிட்டயர் ஆயிட்டார் (இனிமே யாரைக் கத்த வைப்பாரோ). சரி, விஷயத்துக்கு வரேன்.

கார்பன் மோனாக்சைடை உள்ள இழுக்கச் சொல்றாங்க, அது விஷம், நான் போமாட்டேன்னு டாக்டர் எழுதிக் குடுத்த நுரையீரல் டெஸ்ட்டைத் தள்ளிக்கிட்டே இருக்கியாமே? சிகரெட்ல அதையேதான்டா காசு குடுத்து இழுக்குற! டெஸ்ட்ல வர்றது 0.3 சதவீதம், ஒரே மூச்சு, ஒரு 10 செகண்ட் அடக்கிட்டு விட்டுடணும், அவ்ளோதான்.

ஏன் அந்த வாயுன்னு தேடப் போயி நான் அதுலயே மூழ்கிட்டேன். கோபன்ஹேகன்ல கிறிஸ்டியன் போர்னு பெரிய புரொபசர், அணுவுக்கு மாடல் போட்ட நீல்ஸ் போரோட அப்பா, நுரையீரல் சுரப்பி மாதிரி வேலை செஞ்சு ஆக்சிஜனை ரத்தத்துக்குள்ள தள்ளுதுன்னு சொல்லிட்டிருந்தார். அவர்கிட்ட அசிஸ்டென்டா இருந்த ஆகஸ்ட் க்ரோக்கும் அவர் மனைவி மேரியும் 1910ல, தள்ளவும் இல்ல ஒண்ணும் இல்ல, அதிகமா இருக்குற பக்கத்துலேர்ந்து கம்மியா இருக்குற பக்கம் தானாவே பரவுது, அதுவே போதும்னு காட்டிட்டாங்க. குருவையே எதிர்த்து! அப்புறம் நுரையீரல்லேர்ந்து ரத்தத்துக்குள்ள எவ்ளோ தாண்டுதுன்னு மேரி இதே கார்பன் மோனாக்சைடை வச்சுதான் அளந்தாங்க, ஏன்னா ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின் அதை கப்புனு பிடிச்சுக்கும், சட்டுனு விடாது. உனக்கு எழுதிக் குடுத்த டெஸ்ட் அந்தம்மா போட்ட பாதைதான்.

ஆனா இந்தப் பரவல் இருக்கே, பக்கத்துல போக புலி, தூரம் போக ஆமை. தூரம் 10 மடங்கானா நேரம் 100 மடங்கு ஆகும். அமீபாவுக்குக் கவலையே இல்ல, மண்புழு தோலை ஈரமா வச்சுக்கிட்டு சமாளிச்சுடும், உடம்பு பெருசானாதான் வம்பு, மீனுக்கு செவுள், பூச்சிக்கு உடம்பு முழுக்க காத்துக் குழாய், நமக்கு கோடிக்கணக்குல குட்டிக் குட்டி காத்துப் பை. அந்தப் பைக்கும் ரத்தத்துக்கும் நடுவுல இருக்குற சுவர் ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு கூட இல்லடா.

புகை அந்தச் சுவரைத்தான் அரிக்குது. குட்டிப் பைங்க உடைஞ்சு பெரிய பையாயிடும், வாயு தாண்டுற பரப்பு போயிடும், போனது திரும்ப முளைக்காது. விளையாட்டுக்குச் சொல்லல.

இருமல் நின்னுடுச்சுங்குற, குண்டன் நிக்கலங்குறான். டெஸ்ட் முடிஞ்சதும் டிஎல்சிஓன்னு (வாயு எவ்ளோ தாண்டுதுங்குற கணக்கு) போட்டிருக்குற நம்பரை போட்டோ எடுத்து அனுப்பு.

உன்
மொட்டை