நொன்னோ எடுக்காத குடியுரிமை: மகனுக்கு எழுதியது

அன்புள்ள மகன்,

இத்தாலிக் குடியுரிமைக்கு என்னென்ன பேப்பர் வேண்டும் என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி உனக்குக் கேட்காது, மீதியை நீ மறந்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன்: உனக்கு உரிமை இருக்கிறது. டப்ளினில் உன் இரண்டு வருட விசா முடிந்தால் என்ன செய்வது என்று நீ நித்திரை இல்லாமல் இருக்கத் தேவையில்லை, இத்தாலியும் அயர்லாந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதால் இத்தாலியனாக நீ அங்கே விசா இல்லாமலே இருக்கலாம். ஆனால் அந்த உரிமை ஒரே ஒரு ஆளின் முடிவில் நிற்கிறது. அது உன் நொன்னோ, அப்பாவின் இத்தாலிய அப்பா.

2025 மார்ச் 28 முதல் சட்டம் மாறிவிட்டது. அதற்கு முன்பு, இத்தாலி ஒரே நாடான 1861 வரைக்கும் பின்னால் போகலாம். பாட்டன், பூட்டன், அதற்கும் மேலே என்று எத்தனை தலைமுறை ஆனாலும் இடையில் யாரும் குடியுரிமையை இழக்காமல் இருந்தால் போதும். பிரேசிலிலும் ஆர்ஜென்டினாவிலும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். 2014 முடிவில் 46 லட்சமாக இருந்த வெளிநாட்டு இத்தாலியர் தொகை பத்து வருடத்தில் 64 லட்சம் ஆகிவிட்டது என்று அவர்களின் வெளிநாட்டு அமைச்சே சொன்னது. அவசரச் சட்டம் கொண்டுவந்து, மே மாதம் 74ஆம் இலக்கச் சட்டமாக உறுதியாக்கினார்கள். இப்போது வெளிநாட்டில் பிறந்து வேறு குடியுரிமையும் உள்ள உன்னைப் போன்றவர்களுக்கு, அம்மா அப்பாவில் ஒருவரோ தாத்தா பாட்டியில் ஒருவரோ இத்தாலியராக இருக்க வேண்டும். அதுவும் இத்தாலியராக மட்டும். இறந்துபோனவர் என்றால் இறந்த நாளில் அவருக்கு வேறு எந்த நாட்டுக் குடியுரிமையும் இருந்திருக்கக் கூடாது. அப்பா ரொறன்ரோவில் பிறந்ததால் பிறப்பிலேயே கனடியன், அவரை வைத்து உனக்கு எடுக்க முடியாது. நொன்னோவை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

நொன்னோ 1956இல் கனடாவின் ஹலிஃபாக்ஸ் துறைமுகத்தில், குடியேற வருபவர்கள் இறங்கும் பியர் 21இல் வந்து இறங்கியவர். இறங்கிய நாளில் கொடுத்த லாண்டட் பேப்பரை, அதாவது குடியேறியதற்கான அத்தாட்சியை, மடிப்பில் கிழியக் கிழிய டேப் ஒட்டி வைத்திருந்தார். 2009இல் கண் மூடும்வரை கனடியக் குடியுரிமை எடுக்கவே இல்லை. அவருடைய தம்பி 1962இல் எடுத்தார், அந்தக் காலத்தில் வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இத்தாலிக் குடியுரிமை போய்விடும். அவருடைய பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள், ஆகவே அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இந்த வழி இல்லை. 1992இல் இத்தாலி சட்டத்தைத் தளர்த்தி இரண்டையும் வைத்திருக்கலாம் என்றது. அப்போது நானே நொன்னோவிடம் சொன்னேன், இனி எடுத்தால் என்ன, இங்கே வாக்குப் போடலாமே என்று. ஊரில் வீடு இருக்கிறது, எனக்கு ஒன்று போதும் என்றார். அன்று அவர் என் பேச்சைக் கேட்டிருந்தால் பழைய சட்டத்தில் ஒரு குறையும் வந்திராது, புதிய சட்டத்தில் உன் வழி அடைபட்டிருக்கும். 2006இல் வெளிநாட்டில் இருக்கும் இத்தாலியருக்குத் தபாலில் வாக்குச்சீட்டு வந்தபோது சமையலறை மேசையைத் துடைத்து, கை கழுவி, கண்ணாடி போட்டுக்கொண்டு அதை நிரப்பினார். அந்த உறை இன்னும் உன் அப்பம்மா நொன்னாவின் லாச்சியில் இருக்கிறது. அதையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

அவர் கனடியன் ஆகவில்லை என்பது நமக்குத் தெரியும், ஆனால் எழுத்தில் காட்ட வேண்டும். அதற்குக் கனடியக் குடிவரவுத் திணைக்களத்திடம் தேடச் சொல்லி, இந்தப் பெயரில் குடியுரிமைப் பதிவு எதுவும் இல்லை என்று ஒரு கடிதம் வாங்க வேண்டும். எல்லாப் பேப்பரிலும் கவனம் தேவைப்படுவது இதற்குத்தான். அந்தக் காலத்தில் இங்கே வந்த ஜுசெப்பேக்கள் எல்லாம் ஜோ ஆனார்கள், ஜொவான்னிகள் எல்லாம் ஜான் ஆனார்கள், நொன்னோவும் சம்பளச் சீட்டில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர், பாஸ்போட்டில் ஒரு பெயர் என்று வாழ்ந்தவர். ஒரு பெயரை மட்டும் கொடுத்துத் தேடினால், மற்றப் பெயரில் எடுத்திருக்கலாமே என்ற கேள்வி வரும். எல்லா எழுத்துக்கூட்டலையும், பிறந்த தேதியோடும் ஊரோடும் சேர்த்து விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேன். கடிதம் வந்ததும் நீ முதலில் பார்க்க வேண்டியது, நாம் கொடுத்த பெயர்கள் எல்லாம் அதில் இருக்கின்றனவா என்பதைத்தான்.

அவருடைய பிறப்புப் பதிவு கலாப்ரியாவில் இருந்து வந்துவிட்டது. கொசென்சா மாகாணத்து மலையூர், அங்கே கொமூனே என்ற ஊராட்சி அலுவலகத்தில் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். பெற்றோர் இருவரின் பெயரும் வரும்படி தா என்று கேட்க வேண்டும், அது இல்லாத சுருக்கப் பிரதி உதவாது. நான் அதோடு முழுப் பதிவின் நகலையும் கேட்டேன், தேவைக்கு அல்ல, ஆசைக்கு. 1931, ஆண்டை இலக்கத்தில் எழுதாமல் சொல்லில் எழுதியிருக்கிறார்கள். தகப்பன் விவசாயி. இத்தனை மணிக்கு, இந்தத் தெருவில் உள்ள வீட்டில், இன்னாரின் மனைவிக்குப் பிறந்தது என்று ஓர் ஆண் குழந்தையைப் பதிவாளர் முன் காட்டினார், சாட்சி இரண்டு பேர் என்று நீலமையில் சாய்ந்த எழுத்து. ஸ்கேன் பண்ணி அனுப்பியிருக்கிறேன், பெரிதாக்கிப் பார்.

நொன்னாவின் திருமணப் பதிவையும் அங்கேதான் கேட்க வேண்டும். இது உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். 1959இல் அவர்களுக்குக் கலியாணம் நடந்தபோது நொன்னோ ரொறன்ரோவில் கட்டட வேலையில் இருந்தார். ஊர்க் கோயிலில் மாப்பிள்ளையின் இடத்தில் நின்றது அவருடைய அண்ணன். அப்போது அங்கே பலருக்கு அப்படித்தான், பிரதிநிதியை வைத்துத் தாலி கட்டாத குறை. அடுத்த வருடம் நாப்போலியில் சத்தூர்னியா கப்பல் ஏறி, புருஷனிடம் தனியே வந்தார். யாழ்ப்பாணத்தில் இருந்து பெட்டியும் பயமுமாக கலியாணம் முடிக்க ரொறன்ரோ வந்து இறங்கிய எத்தனை பெண்களை எனக்குத் தெரியும், அதனால்தானோ என்னவோ மாமி இதைச் சொன்ன நாளில் இருந்து அவர் எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டார். பதிவில் அண்ணனின் பெயரைப் பார்த்துக் குழம்பாதே, கணவன் என்று எழுதியிருப்பது நொன்னோவைத்தான். இன்னொன்று, இத்தாலியப் பதிவுகளில் பெண்களுக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தான் கடைசிவரை. ஒன்ராறியோப் பேப்பர்களில் நொன்னா கணவனின் பெயரோடு இருப்பார். இரண்டும் ஒருவரே.

அப்பாவின் 1964ஆம் ஆண்டுப் பிறப்புக்கு, பர்சில் வைக்கிற சின்ன அட்டை உதவாது. பதிவுப் படிவத்தின் உறுதிசெய்த முழுப் பிரதி வேண்டும், உன்னுடையதும் அப்படியே. அப்புறம் எங்கள் கலியாணப் பத்திரம். அங்கேதான் என் பெயர் வந்து நிற்கிறது. நான் கனடா வந்த நேரம் என் பெயரையும் என் ஐயாவின் பெயரையும் யாரோ முன்பின்னாக எழுதிவிட்டார்கள், கலியாணப் பத்திரத்திலும் அப்படியே போய்விட்டது, நீ பிறந்தபோது அப்பா சரியான ஒழுங்கில் எழுதினார். ஆகவே உன்னைப் பெற்றவள் வேறு, அப்பாவைக் கட்டியவள் வேறு என்பதுபோல் கிடக்கிறது. இரண்டும் நான்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து வைத்திருக்கிறேன், தூதரகம் திருத்தமும் கேட்டால் அதையும் செய்வோம்.

கனடியப் பத்திரங்கள் எல்லாவற்றுக்கும் அப்பொஸ்டில் முத்திரை வேண்டும், ஒரு நாட்டுப் பத்திரம் உண்மையானது என்று இன்னொரு நாடு ஏற்பதற்கான முத்திரை அது. 2024 ஜனவரி 11இல் கனடா அந்த உடன்படிக்கைக்குள் வந்தது நல்லதாகப் போயிற்று, முன்பு என்றால் ஒரு முத்திரைக்கு இரண்டு வாசல் ஏற வேண்டும். பிறகு இத்தாலிய மொழிபெயர்ப்பு. விண்ணப்பத்தை நீ வசிக்கும் இடத்தில்தான் போட வேண்டும், அதாவது டப்ளினில் உள்ள இத்தாலித் தூதரகத்தில். கட்டணம் 600 யூரோ, அதை நான் தருகிறேன், வாதாடாதே.

நான் ஏன் இப்படி ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்கிறேன் என்று நீ கேட்கக்கூடும். 1995இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவில் உன் அம்மம்மா கையில் எடுத்தது ஒரே ஒரு துணிப்பை. அதற்குள் காணி உறுதியும் எங்கள் பிறப்புப் பத்திரங்களும். நகைப் பெட்டி வீட்டிலேயே கிடந்தது. மழையில், சனத்துக்குள், அந்தப் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு சாவகச்சேரி வரை நடந்தார். என் பக்கத்தில் பாட்டனுக்கு மேல் ஒருவருக்கும் எழுத்தில் ஒன்றும் இல்லை. உன் அப்பாவின் பக்கத்தில் இருக்கிறது, ஒரு மலையூர்க் கந்தோரில் பத்திரமாக இருக்கிறது. அது உன்னுடையதும்தான், பாஸ்போட் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்.

இன்னொன்றையும் யோசித்து வை. உனக்கு நாளைக்கு வெளிநாட்டில் பிள்ளை பிறந்தால் அதற்கு இது தானாகப் போய்ச் சேராது. நீ அதற்கு முன் இத்தாலியில் இரண்டு வருடமாவது தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது புதிய சட்டம். இப்போதே முடிவெடுக்கச் சொல்லவில்லை.

உன் ஐரிஷ் முகவரிக்கான அத்தாட்சியையும் கனடியப் பாஸ்போட்டின் முதல் பக்கத்தையும் இந்தக் கிழமைக்குள் அனுப்பு. நொன்னாவுக்கும் போன் எடு, ஞாயிறு மத்தியானம் பூசை முடிந்து வந்திருப்பார். கப்பலைப் பற்றிக் கேள், அண்ணன் மோதிரம் போட்டதைப் பற்றிக் கேள். அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், மெதுவாகவும் சத்தமாகவும் பேசு.

அம்மா