மேம்பாலம் வரட்டும், முதலில் கீழே இருக்கும் சாலையை முடித்துக் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை வரப்போகும் மேம்பாலச் சாலை பற்றி உங்கள் வாசகர்கள் எழுதிய கடிதங்களைப் படித்தேன். பாதிப் பேர் 'சீக்கிரம் கட்டுங்கள்' என்கிறார்கள், பாதிப் பேர் 'கட்டவே வேண்டாம்' என்கிறார்கள். நீலாங்கரையில் குடியிருக்கும் எனக்கு இரண்டு பக்கமும் சேர முடியவில்லை. பாலம் கட்டட்டும். ஆனால் அதற்கான பணம் யாரிடமிருந்து வரும், கீழே அகலப்படுத்திய சாலை எப்போது முழுதாக முடியும் என்ற இரண்டையும் முதலில் சொல்லிவிட்டுக் கட்டட்டும்.

எங்கள் பகுதியின் அமைப்பு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாய். நடுவில் ஒடுங்கலான மணல் திட்டு. சிறு சிறு கிராமச் சாலைகளை ஒன்றாக இணைத்துப் போட்டதுதான் இந்தச் சாலை. கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, இஞ்சம்பாக்கம் எல்லாம் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. கட்டடங்கள் பெருகின, சாலை மட்டும் ஒன்றேதான். பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போக வேண்டுமென்றால் கால்வாயைத் தாண்ட வேண்டும், அதற்குப் பாலங்கள் குறைவு. ஆகவே காய்கறி வாங்கப் போகிறவரும் புதுச்சேரிக்குப் போகிறவரும் ஒரே சாலையில்தான் முட்டிக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலையும் ஞாயிறு இரவும் நாங்கள் முடிந்தவரை வண்டியை எடுப்பதே இல்லை.

இந்த நெரிசலைக் குறைக்கத்தான் திருவான்மியூர் முதல் அக்கரை வரை ஆறு வழியாக அகலப்படுத்தும் திட்டம் வந்தது. நிலம் எடுப்பதிலேயே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டத்தின்படி நிலத்தை எடுப்பது, இழப்பீட்டை மட்டும் 2013-ஆம் ஆண்டின் மத்திய நிலம் எடுப்புச் சட்டக் கணக்கில் கொடுப்பது என்பது இப்போது நடைமுறை. நகர்ப்புறம் என்றால் சந்தை மதிப்பு, அதோடு அதே அளவுக்கு ஆறுதல் தொகை. கேட்பதற்கு இரட்டிப்பாகத் தெரியும். ஆனால் சந்தை மதிப்பை முடிவு செய்வது பத்திரத்தில் எழுதிய விலையும் அரசின் வழிகாட்டி மதிப்பும்தான். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தபோது பத்திரப் பதிவுச் செலவு மிச்சம் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நிலம் எடுக்கும்போது அதே எண் நமக்கு எதிராகத் திரும்பும் என்று அப்போது யார் நினைத்தார்கள்? பாதி விலையைப் பத்திரத்திலும் மீதியைக் கையிலும் கொடுத்துப் பழகிய ஊருக்கு இது வேண்டியதுதான் என்று எங்கள் தெருக் கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

அப்புறம் வாடகைக் கடைக்காரர்கள். முன்பக்கம் பன்னிரண்டு அடி போன கட்டடத்தில், மிச்சமிருந்த ஆறடியில் ஒரு டீக்கடை இன்றும் நடக்கிறது. பாய்லருக்குப் பின்னால் ஒருவர் நிற்கத்தான் இடம். பக்கச் சுவரில் முன்பு இருந்த குளியலறையின் நீல டைல்ஸ் அப்படியே தெரிகிறது. இழப்பீட்டுப் பணம் கட்டடக்காரருக்குப் போனது, வாடிக்கையாளர்களை இழந்தது டீக்கடைக்காரர். சிறு வியாபாரிகளுக்கும் மறுவாழ்வுத் தொகை உண்டு என்று 2013 சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. குறைந்தது 25,000 ரூபாய். அதைக் கேட்டு வாங்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது.

சரி, இவ்வளவு கொடுத்து அகலப்படுத்திய சாலை எப்படி இருக்கிறது? சில இடங்களில் நன்றாகவே இருக்கிறது. சில இடங்களில் புதிதாகச் சேர்த்த வழித்தடத்தின் நடுவில் மின்கம்பம் நிற்கிறது. இடித்த நிழற்குடைக்குப் பதில் வேறு வைக்காததால் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் தார்ச் சாலையிலேயே நிற்கிறார்கள். நடைபாதை தொடங்கிய இடத்திலேயே ஒரு ஜல்லிக் குவியலில் முடிகிறது. காலையில் குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வரும் பெண்கள் மேற்குப் பக்கத் தெருக்களுக்குப் போக ஆறு வழியையும் கடக்க வேண்டும். முன்பு நாலு எட்டில் கடந்தார்கள். இப்போது நடுத்தடுப்பு வரை ஓடி, அங்கே ஒற்றைக்காலில் நின்று, மறுபடி ஓடுகிறார்கள். அகலப்படுத்தியதால் வண்டிகளின் வேகம் கூடியது. கடப்பதற்கு சிக்னலோ நடைமேம்பாலமோ அதற்கேற்பக் கூடவில்லை.

இந்த நிலையில்தான் 2025-26 நிதிநிலை அறிக்கையில் 2,100 கோடி ரூபாய் செலவில் நான்கு வழி மேம்பாலச் சாலை அறிவிக்கப்பட்டது. எங்கள் பகுதியில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் மூன்று கட்சிகள். சாலையோரக் கடைக்காரர்கள், தூண் எழும்பினால் கடையே மறைந்துவிடும் என்கிறார்கள். உள்தெரு அடுக்குமாடிக்காரர்கள், அடையாறு போக ஒரு மணி நேரம் ஆகிறது, சீக்கிரம் கட்டுங்கள் என்கிறார்கள். குப்பத்துக்காரர்களை யாரும் கூட்டத்துக்கே கூப்பிடுவதில்லை.

அடுக்குமாடி நண்பர்களுக்கு ஒரு கேள்வி. பாலத்தில் ஏற வழி எங்கே, இறங்க வழி எங்கே என்று பார்த்தீர்களா? நம் ஊரில் ஏறு தளம் இல்லாவிட்டால் அந்தப் பாலம் மாமல்லபுரம் போகிறவர்களுக்கானது. கட்டுமானம் நடக்கும் சில ஆண்டுகள் தூசி தின்னப்போவது மட்டும் நாம். ஏறு தளம் வைத்தால், அதற்கு மறுபடியும் நிலம் வேண்டும். முன்பு கொடுத்த அதே வீடுகளிடமா கேட்பார்கள்?

பண விஷயத்தில் என் கருத்து ஒளிவுமறைவு இல்லாதது. மேலே போகிறவர் கட்டணம் கொடுக்கட்டும், கீழே போகிறவரிடம் கேட்கக் கூடாது. இந்தச் சாலையில் 2002 முதலே சுங்கம் வசூலிக்கிறார்கள், உத்தண்டியில் சாவடி இருக்கிறது. பாலம் அங்கேதான் இறங்கப்போகிறது என்பதால், இரண்டையும் ஒரே சாவடியில் சேர்த்து வசூலித்துவிடலாம் என்ற யோசனை யாருக்காவது வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அப்படி நடந்தால் கானத்தூரிலிருந்து பள்ளிக்கூட வேனில் வருகிற பிள்ளையும் பாலத்துக்குப் பணம் கட்டும். பெரிய சாலைகளை இப்போது கலப்பு ஆண்டுத்தொகை முறையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது. கட்டும்போது 40 சதவீதத்தை அரசு தரும், மீதியை ஒப்பந்ததாரர் போட்டுவிட்டுப் பிறகு பல ஆண்டுகள் வட்டியோடு வாங்கிக்கொள்வார். தவறான முறை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஆண்டுத்தொகை சுங்கத்திலிருந்து வருமா, நெடுஞ்சாலை நிதியிலிருந்து வருமா என்பதை ஒப்பந்தம் போடுவதற்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலையில் நான்கு சாவடிகளை 2021 ஆகஸ்டில் எடுத்ததே மெட்ரோ வேலை தொடங்கிய பிறகுதான். அதுவரை கேட்டுக்கேட்டு அலுத்தவர்கள் ஏராளம்.

2022-இல் வந்த விதிகளின்படி சென்னையிலும் வார்டு குழு, பகுதி சபை எல்லாம் உண்டு. பாலத்தின் வரைபடத்தை அங்கே கொண்டுவந்து சுவரில் ஒட்டட்டும். ஒவ்வொரு தூணும் எந்தக் கடைக்கு முன்னால் வருகிறது, குப்பத்துத் தெருமுனையில் கடக்க வழி இருக்கிறதா, மின்கம்பங்களை எந்த மாதத்துக்குள் நகர்த்துவார்கள் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைக்காமல், மீன் விற்றுவிட்டுப் பெண்கள் திரும்பிய பிறகு மாலையில் வைத்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நீலாங்கரை, சென்னை.